செயின் கவரின் உட்பக்கம்

தேங்காய் துருவுகிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். விருந்தாளி வந்திருக்கும் வீட்டின் பின்புறத்தில் தேங்காய் துருவும் ஓசை கேட்பது இயல்பு. அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஆனால் தேங்காய் துருவுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மூடியைத் திருப்பும்போது ஓசை சற்று நிற்கும். சிரட்டையை நெருங்கும்போது தொனி மாறும். ஒரு மூடி முடிந்தபின் இன்னொன்றை எடுக்கும் இடைவெளி வரும். இது நிற்கவில்லை, மாறவில்லை. வறண்டு, நீண்டு, போய்த் திரும்பிப் போய்த் திரும்பும் ஒரே தேய்ப்பு. இரும்பின்மேல் உப்புத்தாள் ஓடினால் இப்படித்தான் கேட்கும் என்று எனக்குள் ஒருத்தி சொல்கிறாள். வாயை மூடு என்று அவளை அதட்டுகிறேன். கோவில்பட்டியில், மாரிக்கனியின் வீட்டு முன்னறைச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன்; சுவர்க்கடிகாரத்தில் மணி பத்து நாற்பது. மாலை நான்கு மணிக்கு வருவதாகத்தான் சொல்லியிருந்தேன். முப்பத்தேழு ஆண்டுப் பணிக்காலத்தில் சொன்ன நேரத்திலிருந்து ஒரு நிமிடம் பிசகாதவள், இன்று காலை இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டுச் சாத்தூரிலிருந்து கார் பிடித்து வந்து இறங்கிவிட்டேன். ஆறு ஆண்டுகளாகத் தேடிய சைக்கிள் அரைமணிப் பயணத் தொலைவில் நிற்கிறது என்று தெரிந்தபின் மாலைவரை யாரால் இருக்க முடியும்? வாசலில் என்னைக் கண்டதும் மாரிக்கனியின் முகத்தில் மகிழ்ச்சி வரவில்லை. ஒரு திடுக்கிடல்தான் வந்தது. "டீச்சர்! சாயந்தரம்னுல்ல சொன்னீங்க" என்றாள். மர நாற்காலியில் அமரப் போனவளைக் கையைப் பிடித்துத் தடுத்து, "அதுல வேண்டாம் டீச்சர், சோபால நல்லாச் சாஞ்சு உக்காருங்க" என்று இதில் அமர்த்தினாள். மரியாதைக்குரிய இருக்கை, தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை, புதைந்துவிட்டேன். இடது முழங்காலில் அறுவை செய்து ஐந்து மாதம் ஆகிறது. வாக்கர் வாசற்கதவின் அருகே சுவரில் சாய்ந்திருக்கிறது, எட்டடி தள்ளி. யாராவது கை கொடுத்தாலொழிய நான் எழ முடியாது. கை கொடு என்று கேட்க எனக்குத் தெரியாது.

"இருக்கிறபடியே போதும், மாரிக்கனி. எதற்கும் சிரமப்படாதே." சென்ற ஞாயிறன்று தொலைபேசியில் நான் சொன்ன சொற்கள் இவை. இப்போது அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்க்கிறேன். நான் என்ன கருதிச் சொன்னேன்? வண்டியைத் தொடாதே, ஈரத் துணியால்கூடத் துடைக்காதே, துரு இருந்தால் துருவோடு, சேறு இருந்தால் சேற்றோடு கொடு என்று கருதிச் சொன்னேன். அவள் என்ன நினைத்துக் கேட்டிருப்பாள்? நம் வீடுகளில் வருகிறவர் ஒன்றும் வேண்டாம் என்றால் இலை போட வேண்டும். சிரமப்படாதே என்றால் சிரமப்பட வேண்டும். இருக்கிறபடியே போதும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு இருக்கிறபடியே எடுத்து நீட்டுகிறவர்களை நாம் வளர்ப்புச் சரியில்லாதவர்கள் என்போம். அதிலும் ஆசிரியைக்குக் கொடுக்கிற பொருள். அதிலும் இந்த ஆசிரியைக்கு. எண்ணெய்க் கறை படிந்த நோட்டை மேசையில் வைத்தால் இரண்டு விரலால் தூக்கி வகுப்புக்குக் காட்டியவள் நான். அட்டை கிழிந்திருந்தால் திருத்தாமல் திருப்பிக் கொடுத்தவள். மாரிக்கனியின் நோட்டை அப்படித் திருப்பியிருக்கிறேனா? நினைவில்லை. திருப்பியிருப்பேன். அவள் கணவர் சுடலைமணி லாரிப் பட்டறையில் பெயின்டர் என்று போனில் பெருமையோடு சொன்னாளே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "வண்டி எப்படி இருக்கிறது" என்று கேட்டதற்கு "வந்து பாருங்க டீச்சர், அசந்துருவீங்க" என்றாளே, அதையாவது கவனித்திருக்க வேண்டும். ஏன் வெளிப்படையாகச் சொல்லவில்லை? பெயின்டைத் தொடாதே என்று மூன்று சொல் போதுமே. சொன்னால், ஏன் டீச்சர் என்று கேட்பாள். ஏன் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் பள்ளிப் பியூன் குருவையாவின் மகளிடம் அதை எப்படிச் சொல்வேன்?

மயூரன் என்று கம்பெனி வைத்த பெயர் அந்த வண்டிக்கு. பதினாறு அங்குலச் சக்கரம், மாதுளம்பூச் சிவப்பு, மட்கார்டின் நடுவே மெல்லிய தூரிகையால் கையால் இழுத்த வெண்ணெய் நிறக் கோடு, கைப்பிடிக்குக் கீழே தோகை விரித்த மயில் படம், இருக்கைக்கு அடியில் இரண்டு சுருள்வில். சாத்தூரில் என் வீட்டின் பின்னறையில் பதினொரு குழந்தைச் சைக்கிள்கள் நிற்கின்றன; அவற்றில் ஏழு மயூரன்கள். எல்லாம் பழைய பெயின்டோடு, பழைய மணியோடு, முடிந்தவரை பழைய பெடல் ரப்பரோடு. மதுரையில் இதே கிறுக்குப் பிடித்த பல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் எனக்கு இதெல்லாம் கற்றுக்கொடுத்தார். "பெயின்ட் போச்சுன்னா பொறப்புச் சர்ட்டிபிகேட் போச்சு டீச்சர், அப்புறம் அது எடைக்குப் போடுற இரும்புதான்" என்பார். தையல் மிஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவுதான் துடைக்க வேண்டும். புதிதாக அடித்துவிட்டுப் பழையது என்று ஏமாற்ற வருகிறவனை, திருகாணியின் பள்ளத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளத்துக்குள்ளும் பெயின்ட் இருந்தால் பொய். நான் அதில் தேறிவிட்டேன். அருப்புக்கோட்டையில் ஒருவர் கொண்டுவந்த வண்டியைப் பத்தடி தூரத்திலேயே பார்த்து வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் எந்த வண்டி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது திருகாணியை அன்று. குனிந்து செயின் கவருக்கு உட்புறம் விரலை விட்டுத் தடவுவேன். அது மருத்துவருக்கு வேடிக்கை. "டீச்சர் மட்டும் ஏன் செயின் கவர்லயே ஆரம்பிக்கிறீங்க?" ஒவ்வொருவருக்கும் ஒரு முறை, டாக்டர் என்று சொல்லி வைத்தேன். பொய். பதினொரு வண்டிகளும் பொய். ஒன்றைத்தான் தேடினேன், மற்றவை, தேடிப் போன இடங்களிலிருந்து வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டு வாங்கி வந்தவை. வாங்கி வந்தபின் அவற்றின்மேல் அன்பும் வந்துவிட்டது, அது வேறு. ஆறு ஆண்டுகளுக்கு முன், என் கணவர் இறந்த மூன்றாம் நாள், என் மகள் மதிவதனி நாக்பூருக்குத் திரும்புவதற்காகப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியம்வரை இரு என்றேன். அவள் பெட்டியைப் பூட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல், "நீங்க தூக்கிக் குடுத்தீங்கள்ல, அந்தச் சைக்கிள். அதுல செயின் கவருக்கு உள்ள, குடுக்கறதுக்கு முந்தின நாள், காம்பஸ் முள்ளால ஒண்ணு கீறி வச்சிருக்கேம்மா. அதக் கண்டுபிடிச்சுப் படிங்க. படிச்சப்புறமும் நான் வரணும்னு தோணுச்சுன்னா கூப்பிடுங்க. வாரேன்" என்றாள். ஆறு ஆண்டுகள். குருவையாவின் குடும்பம் எப்போதோ ஊர் மாறிப் போயிருந்தது, வண்டியும் கைமாறியிருக்கும் என்று எண்ணினேன்; மாரிக்கனி இருக்கும் இடம் சென்ற வாரம்தான் தெரிந்தது. வதனி ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவாள். மாத்திரை போட்டீர்களா, கால் வீங்கியிருக்கிறதா. வருகிறாயா என்று நான் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தகுதி வரவில்லை. நான் இன்னும் படிக்கவில்லை.

மாரிக்கனி காப்பி கொண்டுவருகிறாள். கோப்பையை வட்டாவில் வைத்து, சேலை முந்தானையால் பிடித்து. ஓசை கேட்டுக்கொண்டிருக்கிறது. "என்ன சத்தம், மாரிக்கனி?" என்கிறேன், எவ்வளவு இயல்பாகக் கேட்க முடியுமோ அவ்வளவு இயல்பாக. "பக்கத்து வீட்ல கேட்டுக்குப் பெயின்ட் அடிக்காக டீச்சர். காலையிலருந்து இந்தத் தொல்லதான்." பொய் சொல்லும்போது பிள்ளைகள் கூடுதலாக ஒரு வாக்கியம் சொல்வார்கள், நாற்பத்தைந்து வயதிலும் அது மாறுவதில்லை. ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன், நீரில் விழுந்தவள் கையில் அகப்பட்டதைப் பிடிப்பதுபோல. பக்கத்து வீட்டுக் கேட். இருக்கலாம். "வண்டியை இப்போதே பார்க்கலாமா?" "இவரு எடுத்தாருவாரு டீச்சர். காப்பியக் குடிங்க, ஆறிரும். சீனி கம்மியாத்தான் போட்ருக்கேன்." தரையில் சம்மணமிட்டு உட்கார்கிறாள். நாற்காலி இருக்கிறதே என்றால் கேட்கமாட்டாள். நான் கொண்டுவந்த சாத்தூர் சேவுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன் நூலைப் பிரித்துப் பிரித்துச் சுற்றுகிறாள். "வதனி எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்டுவிட்டு உடனே சேவைப் பார்க்கிறாள். நலமாக இருக்கிறாள் என்கிறேன். "அது ரொம்ப நல்ல புள்ள டீச்சர். அன்னைக்குக்கூட..." நிறுத்துகிறாள். என்றைக்கு என்று நான் கேட்க வேண்டியதில்லை. எங்கள் மூவருக்கும் பொதுவாக இருப்பது ஒரே ஒரு நாள்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு, ஜூலை. நான் அந்த ஆண்டுதான் தலைமையாசிரியை ஆகியிருந்தேன். மாலையில் வேலை முடியும்வரை வதனி பள்ளி மைதானத்தில் தன் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருப்பாள். அவள் தந்தை அவளுடைய ஒன்பதாம் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது. பள்ளிப் பியூன் குருவையா கதவுகளைப் பூட்டி முடிக்கும்வரை அவர் மகள் மாரிக்கனி வேப்பமரத்தடியில் நிற்பாள். இருவரும் நான்காம் வகுப்பு. ஒரு நாள் மாரிக்கனி ஒரு சுற்றுக் கேட்டிருக்கிறாள். வதனி தரமாட்டேன் என்றிருக்கிறாள். அதைப் பார்த்த தையல் டீச்சர், ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் சிரித்துக்கொண்டே, "புது எச்.எம். வீட்டுப் பொண்ணு, பியூன் பொண்ணு தொட்டா வண்டி கறுத்துருமாமே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் செவியிலிருந்து கழுத்துவரை எரிந்தது. எல்லோரும் சமம் என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் வீட்டிலா இது? வதனியை அழைத்து ஏன் தரவில்லை என்று நான் கேட்கவில்லை; கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நாளை காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு உன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வா, அது இனி மாரிக்கனிக்கு என்று மட்டும் சொன்னேன். அவள் தள்ளிக்கொண்டு வந்தாள். முந்நூறு பிள்ளைகளின் முன்னால், பகிர்ந்து வாழ்வதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன், நன்றாகப் பேசினேன், இரண்டு ஆசிரியர்கள் கண் கலங்கினார்கள். பிறகு வதனி கையாலேயே மாரிக்கனி கையில் கொடுக்கச் செய்தேன். மணியை ஒரு முறை அடித்துவிட்டுக் கொடுத்தாள். அழவில்லை. அவள் அழாததைக் கண்டு, பாடம் படிந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

"அன்னைக்குக்கூட எனக்காகத்தான் டீச்சர் அது தரமாட்டேன்னுச்சு" என்கிறாள் மாரிக்கனி. கோப்பை என் வாயருகே நிற்கிறது. "என்ன சொல்கிறாய்?" "பின் பிரேக்குக் கட்ட கழண்டு விழுந்துருச்சு டீச்சர். வதனிக்கு வண்டி பழக்கம், காலத் தேச்சு நிறுத்திக்கிரும். எனக்கு ஓட்டவே தெரியாது. மைதானம் பூராச் சரிவு. நீ விழுந்துருவ மாரி, எங்கப்பாகிட்டச் சொல்லிக் கட்ட போட்டுத் தாரேன், நாளைக்கு ஓட்டுன்னுச்சு. அடுத்த நாளு வண்டியே எங்கிட்ட வந்துருச்சு." சிரிக்கிறாள், சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. "எனக்கு வேண்டாம்பான்னு வீட்ல போயி அழுதேன். பெரிய டீச்சர் குடுத்தத திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னுட்டாரு எங்கப்பா." "ஏன் என்னிடம் சொல்லவில்லை? அன்றைக்கே, அங்கேயே?" என் குரல் வகுப்பறைக் குரலாக உயர்ந்துவிட்டது. அவள் சேவுப் பொட்டலத்தின் நூலை விட்டுவிட்டாள். "நீங்க கேக்கலையே டீச்சர்." குற்றம் சாட்டவில்லை அவள். கேட்ட கேள்விக்கு விடை சொன்னாள். கேட்காததற்கு விடை சொல்லக் கூடாது என்று நாங்கள்தானே கற்றுக்கொடுத்தோம்.

இப்போது மணம் வருகிறது. காப்பியின் மணத்தைப் பிளந்துகொண்டு, கூர்மையாக, மூக்கின் உச்சியில் குத்தும் தின்னர் மணம். பக்கத்து வீட்டுக் கேட்டுக்கு அடிக்கிற பெயின்டுக்குத் தின்னர் கலப்பார்கள், ஆம், ஆனால் காற்று பக்கத்து வீட்டிலிருந்து வரவில்லை, இந்த வீட்டு அடுக்களை வழியாக வருகிறது, கதவின் திரைச்சீலை என் பக்கமாகத்தான் புடைக்கிறது. எழுந்து போகலாம். பத்தடி நடந்தால் அடுக்களை, அதைத் தாண்டினால் பின்புறம். சோபாவின் கைப்பிடியில் இரு கையையும் ஊன்றுகிறேன். பஞ்சு உள்ளே போகிறது, நான் மேலே வரவில்லை. இடது காலை மடக்கினால் உயிர் போகிறது; நீட்டினால் பிடிமானம் இல்லை. மீண்டும் ஊன்றுகிறேன். மாரிக்கனி பார்த்துக்கொண்டிருக்கிறாள், எழ முயல்கிறேன் என்பது தெரியாமலிருக்க, சேலை மடிப்பைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்கிறேன். எதற்கு இந்தப் பாவனை? அங்கே ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஓர் எழுத்துப் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை காம்பஸ் முள்ளால் எவ்வளவு ஆழம் கீறியிருக்க முடியும்? பெயின்டைக் கீறியிருப்பாள், இரும்பைத் தொட்டிருக்கமாட்டாள். உப்புத்தாள் நான்கு முறை போய் வந்தால் தீர்ந்துவிடும். "நிறுத்தச் சொல்" என்கிறேன். "என்ன டீச்சர்?" "மாரிக்கனி, பின்னால் உன் கணவர்தான் தேய்க்கிறார். எனக்குத் தெரிகிறது. நிறுத்தச் சொல். இப்போதே. எனக்கு அந்தப் பழைய பெயின்ட் வேண்டும்." சொல்லிவிட்டேன். அவள் எழுந்து நிற்கிறாள், முகம் வெளுத்திருக்கிறது, "இந்தாச் சொல்றேன் டீச்சர்" என்று உள்ளே ஓடுகிறாள். ஓசை நிற்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறேன். இருவரும் தணிந்த குரலில் பேசுகிறார்கள்; அவர் ஏதோ கேட்கிறார், அவள் ஏதோ சொல்கிறாள், சொல் எதுவும் பிடிபடவில்லை. பத்து, பதினொன்று. பன்னிரண்டில் ஓசை மீண்டும் தொடங்குகிறது, முன்னைக்காட்டிலும் வேகமாக. நாற்பது பிள்ளைகளை ஒரு விரல் அசைவில் நிறுத்தியவள் நான். மணியடிப்பதற்கு முன்பே என் செருப்போசைக்கு மாடிப்படி அடங்கும். இப்போது ஒரு சோபா என்னை விழுங்கிக்கொண்டு, நீ சொல்லி எதுவும் நிற்காது என்கிறது.

"மாரிக்கனி!" என்று கூப்பிடுகிறேன். "வாரேன் டீச்சர்" என்று குரல் மட்டும் வருகிறது. அவள் வரவில்லை. என்னதான் எழுதியிருப்பாள் வதனி? ஆறு ஆண்டுகளில் ஆயிரம் வாக்கியங்களை அவளுக்காக நானே எழுதிப் பார்த்திருக்கிறேன். இது வதனியின் சைக்கிள். அவ்வளவுதான் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் அதற்காக ஒருத்தி ஆறு ஆண்டு வராமல் இருக்கமாட்டாள். அம்மா கெட்டவள். அது எல்லாப் பிள்ளைகளும் எழுதுவது. கழிவறைச் சுவர்களில் என்னைப் பற்றி அதைவிட மோசமாக எழுதியிருக்கிறார்கள், சுண்ணாம்பு அடித்துவிட்டு மறந்துவிட்டேன். இனி நான் உங்கள் மகள் இல்லை. அந்த வயதில் அவளுக்கு அப்படி ஒரு வாக்கியம் வருமா? வரும், கட்டுரையில் அவளுக்குத்தான் எப்போதும் முதல் மதிப்பெண், அந்த மதிப்பெண்ணைப் போட்டவளும் நானே. இல்லை, பிரேக் கட்டையைப் பற்றி எழுதியிருப்பாளோ? நான் கேட்காத கேள்விக்கான விடையை, நான் திருத்தாத அந்த ஒரே தாளில் எழுதி வைத்தாளோ? மாரி விழுந்துவிடுவாள், கட்டை போட்டுக் கொடுங்கள் என்று? ஐயோ, அதுவாக இருக்கக் கூடாது. அதைவிடக் கெட்டவள் என்று இருக்கட்டும். கெட்டவள் என்றால் மன்னிப்புக் கேட்கலாம். எதுவாக இருந்தாலும் படித்துவிட்டால் அதற்கு ஒரு பதில் சொல்லலாம், பதில் இல்லை என்றாவது சொல்லலாம். அவள் எழுத்து இடப்பக்கம் சாயும். நிமிர்ந்து எழுது, நிமிர்ந்து எழுது என்று விரல் கணுவில் அளவுகோலால் தட்டியிருக்கிறேன். இரும்பின் வளைவில் எழுதும்போது இன்னும் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வையாவது பார்த்திருக்கலாம். பொருள் வேண்டாம், சாய்வு போதும். ஓர் எழுத்து போதும். ஒரு கால், ஒரு கொம்பு, ஒரு சுழி.

கம்ப்ரசர் உறுமத் தொடங்குகிறது. வீடே அதிர்கிறது, கடிகாரத்தின் கண்ணாடி சிலம்புகிறது. இதற்குமேல் கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்காது. அதில் ஒரு நிம்மதி இருப்பதை உணர்ந்து அருவருக்கிறேன். முடிந்துவிட்டது என்று தெரிந்தபின் உடம்பு தளர்கிறதே, அந்தத் தளர்ச்சி. கோப்பையில் ஆடை படிந்துவிட்டது. கண்ணை மூடுகிறேன். மூடிய கண்ணுக்குள் சிவப்பு. விசிறி அடிக்கும் மெல்லிய சிவப்புத் தூறல், ஒரு படலம், அது உலர்வதற்குள் இன்னொரு படலம். கம்ப்ரசர் நிற்கிறது, இருமுகிறது, மறுபடி ஓடுகிறது. மணி பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டரை. என் வாழ்நாளில் இவ்வளவு நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததில்லை. என் கணவர் இறந்தபோதுகூட ஐஸ் பெட்டியின் பிளக் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வருகிறது சைக்கிள். கைப்பிடியிலும் பின் கேரியரிலும் செய்தித்தாள் சுற்றிப் பிடித்து, பல்லக்கைத் தூக்கிவருவதுபோல் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிவருகிறார் சுடலைமணி. புருவமெல்லாம் சிவப்புத் தூள். மாரிக்கனி அவர் பின்னால், அவர் முதுகை மறைவாக வைத்துக்கொண்டு. என் முன்னால், பழைய சாக்கின்மேல் இறக்கி வைக்கிறார். "டீச்சர், வணக்கம். முடிக்காம வெளிய தலகாட்டக் கூடாதுன்னுட்டா ஒங்க மாணவி. லாரிக்கு அடிச்ச கை டீச்சர் இது. பழக்கத் தோசத்துல பின் மட்கார்டுல ஒலி எழுப்பவும்னு எழுதிருப்பேன், நல்லவேள கடைசி நிமிசத்துல ஞாபகம் வந்துச்சு." தானே சிரிக்கிறார். வண்டி அழகாக இருக்கிறது. அது பொய்யன்று, நான் கண்டவற்றிலேயே தேர்ந்த கை. சொட்டு இல்லை, வழிதல் இல்லை. வெண்ணெய் நிறக் கோட்டைக்கூடக் கையாலேயே இழுத்திருக்கிறார், ஒரு நடுக்கம் இல்லாமல். மயில் இருந்த இடத்தில் சிவப்பு. திருகாணிகளின் பள்ளத்திலும் சிவப்பு. "செயின் கவர்..." என்கிறேன். அவர் முகம் மலர்கிறது. "உள்பக்கமும் விடல டீச்சர். கீறலுக்கெல்லாம் பட்டி வச்சு, தேச்சு, ரெண்டு கோட்டு. எவனும் உள்பக்கம் பாக்கமாட்டான், டீச்சர் பாப்பாங்கன்னு இவ சொன்னா. கண்ணாடி மாதிரி இருக்கும்." "நன்றாகச் செய்திருக்கிறீர்கள்" என்கிறேன். செய்த வேலைக்குரிய மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுவது எனக்குப் பழக்கமில்லை.

பிறகு கேட்டேன். கோடி முறை மனத்துக்குள் கேட்டுவிட்டதை வாய்விட்டுக் கேட்டேன். "மாரிக்கனி, அதற்குள்ளே என்ன எழுதியிருந்தது?" சுடலைமணி மனைவியைப் பார்த்தார். சிரிப்பு அவர் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. "ஒண்ணும் இல்லையே டீச்சர்" என்றாள் அவள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதட்டவில்லை. அதட்டாததாலோ என்னவோ அவள் கண் நிறைந்துவிட்டது. "வதனிதான் சொன்னுச்சு டீச்சர்." "என்ன சொன்னாள்?" "புதன்கெழம போன் போட்டுச்சு. மாரி, அது இன்னும் இருக்கான்னு கேட்டுச்சு. இருக்குன்னேன். அழிச்சிரு, அம்மா வர்றதுக்கு முன்னாடி அழிச்சிரு, அவங்க கண்ணுல படக் கூடாதுன்னுச்சு. இவரு நாமக்கல்லு வேலைக்குப் போயிருந்தாரு, இன்னைக்குக் காலையிலதான் வந்தாரு. சாயந்தரத்துக்குள்ள முடிச்சிருவோம்னு பாத்தோம். நீங்க முன்னாலயே வந்துட்டீங்க டீச்சர்." மாரிக்கனியின் எண்ணை வதனிக்குக் கொடுத்தது நான். சென்ற ஞாயிறு, சைக்கிள் கிடைத்துவிட்டது என்றதும், நிஜமாவா என்று அவள் மூன்று முறை கேட்டாள். நம்பவில்லை என்று எண்ணி, நீயே கேட்டுப் பார் என்று எண்ணைப் படித்தேன், இலக்கம் இலக்கமாக, இரண்டு முறை. "நீ அதைப் படித்திருக்கிறாயா?" "முப்பத்தஞ்சு வருசமா வீட்ல கெடந்த வண்டி டீச்சர்." "என்ன எழுதியிருந்தது?" தலையை ஆட்டினாள். வேண்டாம் என்பதா, சொல்லமாட்டேன் என்பதா, இரண்டும்தான். "சின்னப் புள்ளையில எழுதுனது டீச்சர். போயிருச்சு. விட்ருங்க." நான் ஒரு நாளும் விட்டதில்லை, ஆனால் இந்தக் கண்ணீரை அதட்டி வாங்க வேண்டிய விடை இனி எனக்கு எதற்கு? நான் படிக்க வேண்டும் என்று எழுதியவள், நான் படிக்கக் கூடாது என்று அழிக்கச் சொல்லியிருக்கிறாள். என்மேல் இரக்கப்பட்டா? அல்லது படித்த பின்னும் நான் வா என்று கூப்பிட்டுவிடுவேனோ என்று பயந்தா? இரண்டில் எது என்று கண்டுபிடிக்கக்கூடிய ஒரே தாள் இந்தச் சிவப்புக்குக் கீழே இருந்தது, இப்போது அங்கும் இல்லை. "அவள் வருகிறாளா? வருவதைப் பற்றி ஏதாவது சொன்னாளா?" "அதப் பத்தி ஒண்ணும் சொல்லல டீச்சர்" என்றாள் மாரிக்கனி. "அழிச்சிட்டியா, அழிச்சிட்டியான்னுதான் நேத்தும் ரெண்டு தடவ கேட்டுச்சு." கை நீண்டது, நான் நீட்டவில்லை, அதுவாகவே செயின் கவரை நோக்கிப் போயிற்று. "தொட்றாதீங்க டீச்சர்" என்றார் சுடலைமணி, மிகவும் தாழ்ந்த குரலில். "இன்னும் காயல." எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். அவர் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, திரும்பி என்னைப் பார்க்காமல் சொன்னார். "வானம் மூடாப்புப் போட்டிருக்கு டீச்சர். சொல்ல முடியாது."